பட்டறையைத் தோளில் சுமந்தவர்கள்

அதியமானைப் பாடும்போது ஒளவையார் ஒரு தச்சரை உவமைக்கு எடுத்துக்கொள்கிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சர், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்கும்? எங்கள் தலைவன் அப்படிப்பட்டவன் என்கிறார். புறநானூற்றின் 87ஆம் பாடல் இது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. திருவண்ணாமலையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்தப் பாடலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். அந்தத் தச்சர் எங்கே உட்கார்ந்து வேலை செய்தார்? அவர் கையில் என்னென்ன இருந்தன? தேரைப் பற்றியும் அதில் ஏறியவரைப் பற்றியும் நமக்கு ஏராளமான பாடல்கள் இருக்கின்றன. தேரைச் செய்தவரின் பையில் என்ன இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. மரம் மக்கிப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். அதைவிட முக்கியமானது, நம் ஊரில் கருவியை யாரும் வீசி எறிவதில்லை. அப்பனின் உளி மகனுக்கு வரும். தேய்ந்து குட்டையானால் கொல்லரிடம் கொடுத்து வேறு ஏதாவதாக அடித்துக்கொள்வார்கள். கடைசியில் அது ஒரு ஆணியாகக்கூட முடியும். மண்ணுக்குள் போவதற்கு மிச்சம் ஏது?

குளிர்ப் பிரதேசங்களில் கதை வேறு. சுவீடனின் காட்லாந்து தீவில் வற்றவைத்த ஒரு சதுப்பு நிலத்தில் 1936இல் உழுதபோது ஏரில் ஒரு கருவாலிமரப் பெட்டி மாட்டியது. வைக்கிங் காலத்துப் பெட்டி. ரம்பம், வாச்சி, கோடரி, அரம், சம்மட்டி என 200க்கும் மேற்பட்ட பொருட்கள். மாஸ்டர்மியர் பெட்டி என்று இன்று அதைச் சொல்கிறார்கள். தச்சு வேலை, கொல்லு வேலை இரண்டுக்குமான கருவிகள் ஒரே பெட்டியில் இருந்தன. இங்கிலாந்தில் 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலை 1982இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதில் தச்சருக்கென்று ஒரு அறை இருந்தது, அவருடைய கருவிப் பெட்டியும் கிடைத்தது. ஐரோப்பியத் தச்சரின் வரலாற்றைப் பெட்டியைத் திறந்து படிக்கலாம். நம் தச்சரின் வரலாற்றை வேறு இடங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

அவர் ஊர் விட்டு ஊர் போனார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் ஒரு மண்டபம் கட்டிய வினைஞர்களை மணிமேகலை பட்டியலிடுகிறது. மகதத்திலிருந்தும் மராட்டத்திலிருந்தும் அவந்தியிலிருந்தும் வந்தவர்களோடு யவனத் தச்சர்களும் தமிழ்நாட்டு வினைஞர்களும் அதில் சேர்ந்து நிற்கிறார்கள். இவர்களெல்லாம் கையை வீசிக்கொண்டு வந்திருக்க முடியாது. கருவி இல்லாத தச்சர் வெறும் ஆள்தானே.

பையும் திண்ணையும்

என் சின்ன வயதில் வீட்டுக்கு வந்த ஆசாரிகளின் பையை நான் பார்த்திருக்கிறேன். கித்தான் பை, சில பேரிடம் சாக்குப் பை. உள்ளே நாலைந்து உளிகள், இரண்டு இழைப்புளிகள், ஒரு வாச்சி, கொட்டாப்புளி, சுத்தியல், குறடு, மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, அரம், கயிறு போட்டு இழுக்கிற துரப்பணம். ரம்பம் மட்டும் பைக்குள் அடங்காது. பல்லில் துணியைச் சுற்றித் தனியாகத் தூக்கி வருவார்கள். எல்லாம் சேர்த்தால் ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு நாலைந்து மைல் நடக்கக்கூடிய எடைதான்.

இவ்வளவு குறைந்த எடையில் ஒரு வீட்டுக்கான கதவு, ஜன்னல், உத்தரம், கட்டில் எல்லாவற்றையும் எப்படிச் செய்தார்கள்? பட்டறையின் மற்ற பாகங்களை வேலை கொடுத்த வீடு தந்தது. வேலைமேசைக்குப் பதில் திண்ணை. கூரைக்குப் பதில் வேப்பமர நிழல், இல்லையென்றால் ஒரு ஓலைப் பந்தல். மரத்தைப் பிடித்துக்கொள்ளும் கிடுக்கிக்குப் பதில் ஆசாரியின் சொந்தக் கால். பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றிப் பாதத்தால் அழுத்திக்கொண்டு இழைப்பார். மரத்தை வாங்கிப் போடுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆசாரி கொண்டுவர வேண்டியது கருவியும் கைத்திறனும் மட்டும். ஆறு மாதம் அதே திண்ணையில் வேலை நடக்கும். அதுவரை அந்த வீடுதான் பட்டறை.

பசைக்கும் அப்படித்தான். அப்போது வஜ்ஜிரம்தான் பசை. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த கட்டி அது. தண்ணீரில் ஊறவைத்து, சுடச்சுட இருக்கும்போதே பூச வேண்டும். ஆறினால் கெட்டியாகிவிடும். அதனால் தச்சு வேலை நடக்கிற இடத்தில் ஒரு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1959இல் ஃபெவிகால் வந்தபிறகு அடுப்பு மெதுவாக அணைந்தது. ஆசாரி எங்கே போனாலும் நெருப்பு தேட வேண்டியதில்லை என்று ஆனது. நடமாடும் பட்டறையின் வரலாற்றில் சக்கரத்துக்கு அடுத்தபடியாக நான் அந்த வெள்ளை டப்பாவைத்தான் வைப்பேன்.

கிராமத்து ஆசாரிக்குக் கூலியும் வேறு மாதிரி. ஏரும் வண்டியும் பழுதுபார்ப்பதற்கு அறுப்புக் காலத்தில் களத்திலேயே நெல் அளப்பார்கள். கம்மாளர் சமூகத்தைப் பற்றி எட்கர் தர்ஸ்டனும், கைவினைஞரின் நிலையைப் பற்றி ஆனந்த குமாரசாமியும் எழுதிய நூல்கள் ஒரே வருடத்தில், 1909இல் வந்தன. தர்ஸ்டன் சாதியை எண்ணிக் குறித்தார். குமாரசாமி அந்தக் கைவினைஞருக்கு ஊரில் ஒரு உறுதியான இடம் இருந்ததைப் பார்த்து நெகிழ்ந்தார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு விலையும் இருந்தது.

யார் தச்சர்?

திருச்சிக்குப் பக்கத்தில் உய்யக்கொண்டான் திருமலையில் முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஆண்டு 1118. ரதகாரர் என்பவர்கள் என்னென்ன தொழில் செய்யலாம் என்று ஒரு சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் சாஸ்திரங்களைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். வீடு கட்டுவது, தேரும் வண்டியும் செய்வது, கோபுரமும் மண்டபமும் எழுப்புவது, வேள்விக்கான கருவிகள் செய்வது, அரசருக்கு அணிகலன் செய்வது என்று பட்டியல் போகிறது. வேலை செய்கிறவர்களுக்கு வேலை செய்யாதவர்கள் எல்லை வகுத்த ஆவணம் அது.

கொங்கு நாட்டில் கோனேரிமைகொண்டான் என்ற பட்டத்தோடு வெளியான இன்னொரு கல்வெட்டைப் படித்தால் மனசு கொஞ்சம் கனத்துப்போகும். கம்மாளர்கள் தங்கள் நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசர் உரிமை கொடுக்கிறார். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர்கள் தங்கள் சுவருக்குச் சாந்து பூச அரசாணை தேவைப்பட்டிருக்கிறது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு காடு மேடு நடந்தவர்களுக்குச் செருப்பு ஒரு சலுகையாக இருந்திருக்கிறது.

சக்கரத்தின் மேல் ஒரு தச்சு வேலை

எங்கள் ஊரில் தச்சு வேலையையும் சக்கரத்தையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் முதலில் நினைவு வருவது தேர்தான். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதியைச் சுற்றும். பிள்ளையார், முருகர், பெரிய தேர் என்கிற மகாரதம், பெண்கள் இழுக்கும் அம்மன் தேர், சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர். மகாரதத்தைப் பழுதுபார்த்து 2024 நவம்பரில் வெள்ளோட்டம் விட்டார்கள். தேர்களுக்கு இலுப்பை, தேக்கு, வேங்கை போன்ற மரங்களைப் பயன்படுத்துவது வழக்கம்.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைச் சரியான கோணத்தில் போட்டுத்தான் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். தேர் நகராவிட்டால் பின்னாலிருந்து சன்னைக்கட்டை கொடுத்து உந்துவார்கள். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரடியில் அதுதான் வழிகாட்டி. கட்டை போடுகிறவர் நூறு டன்னுக்கு மேல் கனக்கும் தேரின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் குனிந்து கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் பல தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்திருக்கிறது. ஆனாலும் கட்டை போடுகிறவரின் வேலை போகவில்லை. தேருக்கென்று தனியாகக் கருவிப் பெட்டி கிடையாது. அதன் கருவிப் பெட்டி கூடவே ஓடிவருகிற ஆட்கள்தான்.

சைக்கிளிலிருந்து சின்ன யானைக்கு

தோளிலிருந்த பை முதலில் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு மாறியது. ரம்பத்தை நடுக்கம்பியில் கட்டினார்கள், கேரியரில் ஒரு மரப்பெட்டி வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 வந்தபிறகு பெட்டி பெரிதானது. வேலைக்குப் போகும் தூரமும் கூடியது. அவலூர்ப்பேட்டையிலிருந்து கிளம்பித் திருவண்ணாமலையில் வேலை முடித்து ராத்திரி வீட்டுக்குத் திரும்ப முடிந்தது.

அப்புறம் வீடுகள் மாறின. திண்ணை போனது. ரமண நகர், செங்கம் சாலைப் பக்கம் அடுக்குமாடிகள் எழுந்தன. ஆசிரமங்களுக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவதால் பழைய வீடுகளை இடித்துக் கட்டாமல் மாற்றியமைக்கும் வேலைகள் பெருகின. ஒரு சமையலறை, ஒரு அலமாரி, நாலு நாளில் முடிய வேண்டும். தூசி வரக்கூடாது, சத்தம் வரக்கூடாது. வீடு இனிமேல் பட்டறையாக இருக்கச் சம்மதிக்கவில்லை. கருவிகளும் மின்சாரத்துக்கு மாறி எடை கூடின. கையில் பிடிக்கும் மின்துளைப்பானை ஜெர்மனியில் ஃபைன் நிறுவனம் 1895லேயே செய்துவிட்டது. அது நம் ஆசாரியின் பைக்கு வந்துசேர ஏறக்குறைய நூறு வருடம் ஆனது.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கு டிரெய்லர் என்று ஒரு விடை கண்டார்கள். நாலு பக்கமும் மூடிய பெட்டி வண்டியில் அலமாரி, மேசைரம்பம், விளக்கு எல்லாம் பொருத்தி பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துப் போவார்கள். நம் பேகோபுரத் தெருவில் அதைத் திருப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நமக்குக் கிடைத்த விடை 2005இல் வந்த டாடா ஏஸ். மக்கள் வைத்த பெயர் சின்ன யானை. முக்கால் டன் தாங்கும். குறுகலான சந்திலும் நுழையும்.

எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் பழைய ஏஸ் ஒன்றை வாங்கிப் பட்டறையாக்கினார். அவர் அதைச் செய்தவிதத்தில் நிறைய யோசனை இருந்தது. கனமான மேசைரம்பத்தை முன்பக்கம், டிரைவர் இருக்கைக்குப் பின்னால், தரையோடு வைத்தார். "பின்னாடி வெச்சா வண்டி மூக்கத் தூக்கிக்கும் சார், பிரேக்கு நிக்காது" என்றார். இழுப்பறைகளெல்லாம் பக்கவாட்டில் திறக்கும்படி செய்தார். பின்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தால் மேட்டில் ஏறும்போது உளிகள் ரோட்டில் கிடக்கும். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே பலகையில் குழி வெட்டினார். சாயந்திரம் எந்தக் குழி காலியாக இருக்கிறதோ அந்தக் கருவி வேலை செய்த வீட்டில் தங்கிவிட்டது என்று அர்த்தம். பிளைவுட் எட்டடி நீளம். வண்டியின் தொட்டி ஏழடிக்குக் கொஞ்சம் கூட. அதனால் பலகையை ஒரு பக்கச் சுவரோரம் நிறுத்திக் கட்ட ஒரு தனி இடம் விட்டு, மிச்ச நீளத்துக்குச் சிவப்புத் துணி கட்டினார். அலமாரிகளைப் பற்றவைக்காமல் போல்ட் போட்டே பொருத்தினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கழற்றினால் பழையபடி சரக்கு வண்டி ஆகிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

எல்லா மின்கருவிகளுக்கும் மத்தியில், கை எட்டும் உயரத்தில் அவருடைய குருவின் இழைப்புளிக்கும் ஒரு குழி. தினமும் வேலைக்கு ஆகுமா என்று கேட்டேன். "கடைசி இழைப்பு இதுலதான். மெஷினு அலை விட்டுடும்" என்றார்.

பழைய கேள்வி மறுபடியும்

அவரை ஊரே ஆசாரி என்றுதான் கூப்பிடுகிறது. பிறப்பால் அவர் ஆசாரி இல்லை. விவசாயக் கூலிக் குடும்பம். பெங்களூரில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர்.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் பாதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கலாம் என்று சொன்னார்கள். குலக்கல்வி என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் இரண்டு தவணையாக 3 லட்சம் வரை கடன். குடும்பத்தின் மரபுத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 18 வயதிலேயே சேரலாம் என்பதையும் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. பதிலுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் 2025இல் தொடங்கியது. 25 தொழில்கள், சாதிப் பாகுபாடு இல்லை, 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேரலாம். இதில் அரசியல் இருக்கிறது, இல்லாமல் போகாது. ஆனால் அடியில் இருக்கும் கேள்வி 1118இல் பட்டர்கள் உட்கார்ந்து விவாதித்த அதே கேள்விதான். தச்சர் என்பவர் யார்? பிறந்தவரா, கற்றவரா?

இதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைக் காத்த குடும்பங்களின் அறிவு சாதாரணமானது இல்லை. எந்த மரம் எந்த மாதத்தில் வெட்டினால் வெடிக்காது என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. செருப்புக்கே அனுமதி கேட்க வேண்டியிருந்த காலத்திலும் அந்த அறிவை விடாமல் வைத்திருந்தார்கள். அதற்கான மரியாதை அவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும். அந்த மரியாதையைக் கொடுப்பதற்கு அடுத்தவரின் வழியை அடைக்கத் தேவையில்லை. அவர்களின் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கப் போவதையும் யாரும் தடுக்கக்கூடாது.

அந்த வண்டியின் பலகையில் குருவின் இழைப்புளிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு குழி காலியாக இருக்கிறது. அவரிடம் வேலை கற்கிற பையன் சொந்தமாக முதல் உளி வாங்கும்போது வைப்பதற்காம். அந்தப் பையனின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார்.