சோப்பைத் தின்ற எலியும் ஒரு மாத்திரையின் பெயரும்

போன மாதம் மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "அண்ணே, உங்க பேட்ச்ல யாருமே எழுதலை. சரித்திரமா ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார் தம்பி. நான் படித்தது வேதியியல். சரித்திரத்துக்கும் எனக்கும் வெகு தூரம். ஆனாலும் ஹாஸ்டலில் என் சோப்பைத் தின்ற எலியில் ஆரம்பித்தால் ஒரு சரித்திரம் சொல்லலாம் என்று தோன்றியது. என் வகுப்புத் தோழர்களுக்கு அந்த எலியை நன்றாகத் தெரியும்.

1974-ஆம் வருஷம். பழைய ஹாஸ்டல், ஓட்டுக் கூரை. வீட்டிலிருந்து வரும் மணியார்டரில் மாதத்துக்கு ஒரு லைஃப்பாய்தான் கட்டுப்படியாகும். ராத்திரி ஜன்னல் திட்டில் வைத்த சோப்பு காலையில் பாதியாகி இருக்கும். பக்கத்து அறைக்காரன்தான் எடுத்துத் தேய்க்கிறான் என்று முடிவு கட்டி, மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி 'கரக் கரக்' என்று சத்தம். டார்ச் அடித்தால், சோப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது எலி!

எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். "ஏம்ப்பா, சோப்பு எதில் செய்றான்? எண்ணெயும் கொழுப்பும்தானே? உனக்கு அது சோப்பு, எலிக்கு அது பலகாரம்" என்றார். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் மெஸ் ஸ்டோரில் அரிசி மூட்டை, தேங்காய், மெழுகுவர்த்தி, மரக் கதவு எதுவும் தப்பவில்லை. அது தின்பதை விட மூத்திரமும் புழுக்கையும் போட்டுப் பாழாக்குவது அதிகம்.

ஸ்டோர் அண்ணாச்சி துத்தநாக பாஸ்பைடு என்கிற கறுப்புப் பொடியைக் கருவாட்டில் தடவி வைத்தார். முதல் ராத்திரி இரண்டு எலி செத்தது. அப்புறம் ஒன்று கூடத் தொடவில்லை. "படிச்ச எலிங்க தம்பி, காலேஜ் எலியாச்சே" என்பார் அண்ணாச்சி. விஷயம் இதுதான்: எலிக்கு வாந்தி எடுக்க வராது. ஆகவே புதிய தீனியைத் துளி தின்று பார்த்து, வயிறு சரியில்லை என்றால் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகாது. உடனே வேலை செய்யும் விஷங்கள் எல்லாம் தோற்றது இங்கேதான்.

இதற்கு விடை கிடைத்தது அமெரிக்காவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். அங்கே யாரும் முதலில் எலியைப் பற்றி யோசிக்கவே இல்லை. 1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எட் கார்ல்சன் என்ற விவசாயி பனிப்புயலில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் நகருக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன கிடேரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் தீவனம். மாட்டு வைத்தியர் அலுவலகம் மூடிக் கிடந்தது. திறந்திருந்தது கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வகம்.

அன்றைக்கு லிங்க்கால் சொல்ல முடிந்தது, "அந்தத் தீவனத்தைப் போடாதே" என்பது மட்டும்தான். ஆனால் அந்த ரத்தத்தை அவர் மறக்கவில்லை. பூஞ்சை பிடித்த தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாமல் செய்வது எது என்று ஆறு வருஷம் தேடினார்கள். 1939-ல் அவருடைய மாணவர் கேம்பெல் கையில் அது படிகமாகக் கிடைத்தது: டைகூமரால். உடம்பில் வைட்டமின் கே செய்யும் வேலையை அது தடுத்துவிடுகிறது.

1945-ல் உடம்பு சரியில்லாமல் சானடோரியத்தில் படுத்திருந்த லிங்க், எலி ஒழிப்பின் பழைய கதைகளைப் படித்தார். மெதுவாக வேலை செய்யும் இந்த மருந்து எலிக்குச் சரியாக இருக்குமே என்று அப்போதுதான் தோன்றியது. தாங்கள் செய்து வைத்திருந்த சேர்மங்களில் 42-ஆம் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். 1948-ல் அது எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. தின்ற எலி சாகப் பல நாள் ஆகும். அதனால் தீனியின் மேல் அதற்குச் சந்தேகமே வராது. ஆனாலும் எலி சும்மா இருக்குமா? 1958-லேயே ஸ்காட்லாந்தில் இந்த மருந்துக்கு அசையாத எலிகளைக் கண்டார்கள். இன்று கடையில் கிடைக்கும் பல எலிக் கட்டிகளில் இருப்பது இதே குடும்பத்தில் பிறந்த, இதை விட வலுவான தம்பிகள்.

அந்த 42-ஆம் எண்ணுக்கு வைத்த பெயர் வார்ஃபரின். 'விஸ்கான்சின் அலம்னை ரிசர்ச் ஃபவுண்டேஷன்' என்ற நான்கு சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து 'வார்ஃப்'. கூமரினின் வால் 'அரின்'. ஆம், நண்பர்களே! பழைய மாணவர்கள் பணம் போட்டு 1925-ல் தொடங்கிய அமைப்பு அது. லிங்க்கின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததும் அதுதான். உலகத்தில் ஒரு மருந்து பழைய மாணவர் அமைப்பின் பெயரைச் சுமக்கிறது என்றால் நமக்கெல்லாம் கொஞ்சம் பெருமைதானே?

1951-ல் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் உயிரை விட நினைத்து இந்த எலி மருந்தைத் தின்றார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். மனித உடம்பில் இதை அடக்கி ஆள முடியும் என்ற தைரியம் அப்போது வந்தது. 1954-ல் நோயாளிகளுக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷமே, மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கு இதைக் கொடுத்தார்கள்.

2009-ல் என் முறை வந்தது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது. உலோக வால்வு பொருத்தினார்கள். "அதில் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுசு முழுக்க இந்த மாத்திரை" என்று டாக்டர் சீட்டை நீட்டினார். பார்த்தால் வார்ஃபரின்! "சார், இது எலி மருந்தாச்சே?" என்றேன். "அதேதான் சார். அளவுதான் வித்தியாசம்" என்று சிரித்தார். அன்றிலிருந்து மாதா மாதம் ரத்தப் பரிசோதனை; முருங்கைக்கீரையில் வைட்டமின் கே இருப்பதால் அதுவும் அளவோடுதான். இப்போது புதிய மாத்திரைகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் உலோக வால்வுக்கு இன்றும் நம்புவது இந்தக் குடும்பத்து மருந்தைத்தான்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். சனிக்கிழமை ஒரு ஆய்வகம் திறந்திருந்ததால் இத்தனையும் நடந்தது. சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த சந்திப்பில் சால்வைக்கும் கேடயத்துக்கும் ஆகும் செலவில் பாதியை நம் வேதியியல் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். முதல் ரசீதை என் பெயரில் எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். ஆபரேஷன் அன்றைக்கு என் மனைவியோடு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் அந்தப் பக்கத்து அறைக்காரன்தான். எலியைப் பிடித்த மறுநாள் அவனிடம் பேசினேனே தவிர, மன்னிப்பு என்ற வார்த்தையை இதுவரை சொன்னதில்லை. மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் திருடன் என்று சொன்னதால், இதையும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். மன்னிச்சுக்கடா. சந்திப்புக்குக் கட்டாயம் வா. உனக்கு ஒரு முழு சோப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

(கட்டுரையாளர்: பி.எஸ்ஸி. வேதியியல், 1973–76)