திருக்கழுக்குன்றக் கல்வெட்டும் கல்வி நிபந்தங்களும்

அறத்திற்குப் பொருள் வைத்தல் எளிது. வைத்தார் கருதியவாறு அது நெடுங்காலம் நடைபெறச் செய்தலே அரிது. இதற்குத் திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டொன்று சான்றாகும். ஆண்டு மூலத்தானத்துப் பெருமானுக்குக் கந்தசிஷ்யன் என்னும் வேந்தன் நிலம் அளித்தான். வாதாபி கொண்ட நரசிங்கவர்மன் அதனை அவ்வாறே காத்தான். பின்னர்ப் பல்லவராட்சி வீழ்ந்து சோழராட்சி எழுந்த காலை, புத்தன் என்பான் வேண்டிக்கொள்ள, முதலாம் ஆதித்தன் தன் 27ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 898இல், அவ்வறத்தை முன்போலவே நிலைநிறுத்தினான். அரச குலம் மாறியும் அறம் மாறிற்றில்லை.

கல்விக்கும் முன்னோர் இம்முறையே நிபந்தம் வகுத்தனர். அதே செங்கற்பட்டு நாட்டுத் திருமுக்கூடலில், வேதமும் வியாகரணமும் ஓதுவித்த ஆசிரியர்க்கு நெல்லும் காசும் ஒதுக்கிய செய்தியை வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு உரைக்கின்றது. பயின்ற மாணாக்கர்க்கு உணவும் வகுக்கப்பட்டது.

இக்காலப் பல்கலைக்கழகங்களில் பெரியோரையும் புரவலரையும் போற்றி நிறுவப்பெறும் பேராசிரியர் இருக்கைகளும் இவ்வினத்தனவே. முதற்பொருள் கைப்படாது நிற்க, அதன் வருவாய் ஆசிரியர்க்கு ஊதியமாகின்றது. அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்துத் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 60 இலட்சம் டாலர் நிதி 2018இல் நிறைவெய்தியது; அதற்குத் தமிழ்நாட்டரசு 10 கோடி ரூபாய் உதவியது. அன்று விளைநிலம் செய்த தொழிலை இன்று வைப்புநிதி செய்கின்றது.

எனினும், கல்லும் நிதியும் தாமே அறத்தைக் காவா. ஆதித்தன் கட்டளைக்கு முன்னே புத்தனின் விண்ணப்பம் நின்றது. இருக்கை நிறுவுவோர், பிற்காலத்தே அதன் கருத்தை நினைவூட்டி வேண்டும் ஒருவரேனும் உளராமாறு கற்பித்தலை நடத்துவித்தல் கடனாம்.