பழைய வாடிக்கையாளருக்கு என்ன விலை?

சென்னை ரிச்சி தெருவில் மென்பொருள் விற்ற காலத்தில், எங்கள் கடை அலமாரியில் ஒரே மென்பொருளுக்கு இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று முழுப் பெட்டி, மற்றது அப்கிரேடு. அப்கிரேடு பெட்டியை கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பழைய பதிப்பின் சீரியல் நம்பரைக் கேட்கும். அது இருந்தால் விலை பாதிக்கும் கீழே. 2007-இல் வந்த போட்டோஷாப் சிஎஸ்3 அமெரிக்காவில் 649 டாலர். பழைய பதிப்பு வைத்திருந்தவருக்கு 199.

தி.நகர் ஆடிட்டர் ஒருவர் பழைய சிடி உறைகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துவருவார். "தம்பி, நம்பர் இதுல இருக்கு பாருங்க. பழைய ஆளுக்கு உண்டான விலையைப் போடுங்க" என்பார். குரலில் கெஞ்சலே இருக்காது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிழைகள் மலிந்த முதல் பதிப்பைக் காசு போட்டு வாங்கியவர் அவர்தானே?

2008 ஜூலை 10 அன்று ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. விற்ற பணத்தில் 70 சதவீதம் செயலி செய்தவருக்கு, 30 ஆப்பிளுக்கு. ஊர்பேர் தெரியாத ஒருவர் வீட்டிலிருந்தே உலகத்துக்கு விற்கலாம் என்ற நிலை வந்தது பெரிய காரியம். ஆனால் அந்தக் கடையில் அப்கிரேடு விலைக்கு இடமே வைக்கவில்லை. எங்கள் பில் புக்கில் வாங்கியவர் பெயர் இருக்கும். அங்கே வாங்கியவர் யார் என்பது ஆப்பிளுக்குத்தான் தெரியும். செய்தவருக்கு எண்ணிக்கையும் பணமும் மட்டும் வரும். சீரியல் நம்பரும் கிடையாது. ஆகவே புதுப் பதிப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் புதுச் செயலியாகப் போட்டு எல்லோரிடமும் முழு விலை வாங்க வேண்டும்.

ட்விட்டரைப் பயன்படுத்த லோரன் பிரிக்டர் என்ற தனி ஆள் செய்த ட்வீட்டி செயலி, இதில் முதலில் சிக்கியவற்றில் ஒன்று. 2009 அக்டோபரில் இரண்டாம் பதிப்பை அடியிலிருந்து திரும்ப எழுதி, 2.99 டாலருக்குப் புதுச் செயலியாக வெளியிட்டார். முந்தைய பதிப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் பலர் கொதித்தார்கள். மூன்று டாலருக்கா இத்தனை கோபம் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நேற்று வந்தவனையும் என்னையும் ஒரே தட்டில் வைத்தாயே என்ற கோபம் அது. தொகை சிறிதானாலும் வலி அதுதான்.

சியாட்டிலின் ஓம்னி குழுமம் 2013-இல் செய்ததை நான் இன்றும் மதிக்கிறேன். மேக் ஆப் ஸ்டோரில் தன் மென்பொருளை வாங்கியவர்களுக்கென்று ஓம்னிகீமாஸ்டர் என்ற சிறு நிரலை வெளியிட்டது. கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதி முறைப்படி வாங்கியதுதானா என்று அது பார்த்து, ஓம்னியின் சொந்தக் கடைக்கான உரிமத்தைக் கொடுக்கும். அந்த உரிமம் கையிலிருந்தால் அங்கே அப்கிரேடு விலை கிடைக்கும். ஆடிட்டரின் சிடி உறையில் இருந்த நம்பரைத் திரும்ப உண்டாக்கியதுபோல்தான். ஆப்பிளுக்கு இது ஒப்பவில்லை. சில நாட்களிலேயே ஓம்னி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டு ஐஓஎஸ் 8-உடன் பல செயலிகளை ஒரே கட்டாக விற்கும் வசதி வந்தது. ஒன்றை ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்தத் தொகை கழியும். பழையதையும் புதியதையும் ஒரே கட்டில் போட்டு அப்கிரேடு விலையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தார்கள். 2019-இல் குட்நோட்ஸ் 5 என்ற குறிப்பெடுக்கும் செயலி அப்படித்தான் பழையவர்களில் பலருக்கு இலவசமாகவே போய்ச் சேர்ந்தது.

2016-இல் ஆப்பிள் எல்லா வகைச் செயலிகளுக்கும் சந்தா முறையைத் திறந்துவிட்டது. வாட்ஸ்அப் இதற்கு முன்பே ஒரு நல்ல வழி காட்டியிருந்தது. 2013-இல் ஐபோனிலும் ஆண்டுச் சந்தாவுக்கு மாறியபோது, முன்பே 99 சென்ட் கொடுத்து வாங்கியவர்களை ஆயுளுக்கும் சந்தா இல்லாமல் விட்டுவிட்டது. குறிப்பெடுக்கும் இன்னொரு செயலியான நோட்டபிலிட்டி 2021 நவம்பர் 1 அன்று சந்தாவுக்கு மாறியபோது, விலைகொடுத்து வாங்கியவர்களுக்கு ஓராண்டு மட்டும் அவகாசம் தந்தது. சந்தாவுக்கு மாறும்போது, முன்பே பணம் கொடுத்தவரிடமிருந்து முக்கிய வசதிகளைப் பறிக்கக் கூடாது என்று ஆப்பிளின் விதிகளிலேயே அதற்குள் எழுதியிருந்தது. எதிர்ப்பு வெடித்ததும், மறுநாளே பழையவர்களுக்கு எல்லாம் தொடரும் என்று அறிவித்தார்கள். இத்தனை ஆண்டு மனக்கசப்பில் விளைந்த உருப்படியான ஒன்று என்று ஆப்பிளின் அந்த விதியைத்தான் சொல்வேன்.

சந்தாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: புதியவர்களுக்கு விலையை ஏற்றும்போது, இருப்பவர்களைப் பழைய விலையிலேயே வைத்திருக்கலாம். ஆனால் சந்தா அறுந்து திரும்ப வந்தால் புது விலைதான். அறுவது எப்போதும் விருப்பத்தால் அல்ல. நம் நாட்டில் 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதிகள் நடைமுறைக்கு வந்தன. பல வங்கிகள் தயாராகாததால் பலருக்குக் கட்டணம் போகவில்லை. கார்டு தடுக்கப்பட்டதால் சந்தா அறுந்தவரையும், தானே வேண்டாமென்று விட்டவரையும் செயலிக்காரர்கள் ஒன்றாக எண்ணக் கூடாது. திரும்பி வருகிறவருக்கு அவருடைய பழைய விலையையே கொடுக்க வேண்டும்.