புன்னைக்காயல் மருத்துவமனையும் முத்துக்குளித்துறையின் பணமும்

கடல் கடந்து வந்து ஏழை மக்களுக்கு மருத்துவம் செய்த மிஷன் பணியின் வரலாறு பெரும்பாலும் வந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அப்பணிக்கான செலவை யார் ஏற்றார்கள் என்று கேட்டால், தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள புன்னைக்காயல் நமக்கு எதிர்பாராத விடையொன்றைத் தருகிறது.

இவ்வூர் அமைந்த முத்துக்குளித்துறைக் கரையின் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் வந்த மறைப்பணியாளர் பிரான்சிஸ் சேவியரை நோயாளிகளின் வீட்டார் ஓயாமல் அழைக்க, எல்லா வீடுகளுக்கும் தாமே செல்ல இயலாத அவர் செபமாலையைக் கொடுத்துச் சிறுவர்களை அனுப்பினார். நோய்க்கு அப்போது கிடைத்தது செபம் மட்டுமே. மருந்தும் படுக்கையும் பின்னரே வந்தன.

அவற்றுக்கு வழிசெய்தவர் 1547-இல் இக்கரைக்கு வந்து, தமிழை முறையாகக் கற்று, அம்மொழிக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் இலக்கணமும் எழுதிய இயேசு சபைத் துறவி ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். 1550-ஐ ஒட்டி அவர் புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவமனை, இந்தியாவில் ஐரோப்பிய முறையில் அமைந்த பழைய மருத்துவமனைகளுள் ஒன்று. அதற்கான பணம் லிஸ்பனிலிருந்து வரவில்லை; பரதவர்கள் கொடுத்த காணிக்கையும், தவறு செய்தோர்மீது விதிக்கப்பட்ட தண்டமும், அதாவது அபராதத் தொகையும், அதை நடத்தின. தண்டத்தில் கட்டாயம் உண்டு என்பதால் இதை முழுதும் மனமுவந்த ஈகையாகக் கொள்ள இயலாது. ஆயினும் கரையின் உழைப்பே கரையின் நோயாளிகளைத் தாங்கியது என்பது உறுதி. தமிழ் அச்சுப் பணிக்கும் இம்மக்களே பொருளுதவி செய்தனர். ஹென்ரிக்கஸின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது.

பரதவரின் முத்துக்குளிக்கும் உழைப்பின் தன்மையை அறிந்தால் மருத்துவமனையின் தேவை விளங்கும். அக்காலத்தில், சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்புப் பருவத்தில், குளியாளி கல்லொன்றின் கனத்தால் 'பார்' எனப்படும் கடலடிச் சிப்பித் திட்டுக்கு இறங்கி, மூச்சு அடங்கும் முன் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக்கொள்வார். தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அவரை மேலே இழுப்பார். நீரின் அழுத்தத்தால் காது வலிப்பதும் செவிப்பறை கிழிவதும் மூக்கில் இரத்தம் கசிவதும் இத்தொழிலோடு பிறந்தவை. முத்தெடுப்பதற்காகச் சிப்பிகளைக் கரையில் அழுக விடுவதால் ஈ மொய்க்கும். குடிநீர் அரிதான மணல்வெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடும்போது வயிற்றுப்போக்கும் கொள்ளைநோயும் பரவும்.

மருத்துவமனை என்ற அமைப்பையே ஐரோப்பியர்தாம் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்று கருதுவது பிழை. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகளும் மருத்துவரும் அறுவை செய்வோரும் பணிப்பெண்களும் கொண்ட 'ஆதுலசாலை' அங்கு இயங்கியதைக் கூறுகிறது. ஆதுலர் என்பார் நோயுற்றோர். அது கோயிலின் நிலவருவாயில் நடந்தது. புன்னைக்காயலின் மருத்துவமனையோ கடலில் இறங்கிப் பிழைத்தவர்களின் வருவாயை நம்பியிருந்தது, அவ்வருவாயோ நிலையற்றது. பாதுகாப்பும் உறுதியில்லை: 1553-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது ஹென்ரிக்கஸே சிறைப்பட நேர்ந்தது. ஆயினும் 1600-இல் இறக்கும்வரை அவர் இக்கரை மக்களுக்கான பணியைக் கைவிடவில்லை.

இக்கரையின் மிஷன் மருத்துவம் இதோடு நிற்கவில்லை. நெடுங்காலம் கழித்து 1870-இல் மருத்துவர் ஸ்டிராக்கன் நாசரேத்தில் தொடங்கிய மருத்துவப் பணி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் உட்பகுதிக்கு மேலை மருத்துவத்தைக் கொண்டு சென்றது. பாக் நீரிணையின் மறுகரையில், 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். அவ்வாறு கற்றவர்கள் அரசுப் பணியை நாடி வெளியூர் செல்லக் கண்ட அவர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே கற்பிக்கலானார். 1873-இல் அவர் நாடு திரும்பிய பின்னும் தமிழில் கற்ற அம்மாணவர்கள் சிற்றூர்களில் தங்கி மருத்துவம் செய்தனர்.