பிரசங்கியாரைத் திருத்திய வெள்ளிக்கிழமைகள்

1541 செப்டம்பரில் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின் ஜெனீவாவுக்குத் திரும்பியபோது அங்கே பிரசங்கபீடங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஏறி நிற்கத் தகுந்தவர்கள்தான் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரை ஊரைவிட்டு அனுப்பிய நகராட்சி, அந்த இடத்தில் கிடைத்தவர்களை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. 1542-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கால்வின் இந்தச் சக போதகர்களைப் பற்றிப் பொரிந்து தள்ளினார். வைராக்கியம் இல்லை, படிப்பு அதைவிடக் குறைவு, அகந்தைக்கு மட்டும் பஞ்சமில்லை என்பது அதன் சாரம்.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழைய கத்தோலிக்க முறையில் ஊர்க் கோவிலின் குருவுக்குப் பூசை வைக்கத் தெரிந்தால் போதும். பிரசங்கம் என்பது பெரும்பாலும் ஊர் ஊராகப் போகும் துறவிகளின் கலை. தவக்காலத்தில் அதற்குக் கூட்டம் கூடும். புராட்டஸ்டண்டு சீர்திருத்தம் வந்ததும் அந்தப் பிரசங்கம் ஒரேயடியாக ஆராதனையின் நடுவுக்கு வந்துவிட்டது. 1541 நவம்பரில் ஜெனீவா ஏற்றுக்கொண்ட திருச்சபை ஒழுங்குமுறையின்படி ஞாயிறு விடியலில் ஒரு பிரசங்கம், ஒன்பது மணிக்கு ஒன்று, நடுப்பகலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மூன்று மணிக்கு மறுபடியும் பிரசங்கம். வாரநாள்களில் திங்கள், புதன், வெள்ளி. இத்தனைக்கும் சேர்த்து நகரத்துக்கு ஐந்து போதகர்கள், மூன்று துணைப் போதகர்கள். இவ்வளவு பேச்சுக்குச் சரக்கு எங்கிருந்து வரும்?

அதே ஒழுங்குமுறைதான் பன்னிரண்டு மூப்பர்களையும் நியமித்தது. எல்லாரும் நகர மன்றங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இல்லறத்தார். வியாழன்தோறும் போதகர்களோடு உட்கார்ந்து ஊரின் நடத்தையை விசாரிப்பது அவர்கள் வேலை. புருஷன் பெண்சாதி சண்டை, சூதாட்டம், நடனம், கோவிலுக்கு வராமை என்று அந்த மன்றத்தின் பதிவேடுகள் விரிகின்றன. மூப்பர் என்றாலே ஊராரைக் கண்காணிப்பவர் என்ற பெயர் நிலைத்தது இதனால்தான். போதகரைக் கண்காணித்த ஏற்பாடு மறுநாள் நடந்தது. அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

வெள்ளிக்கிழமை காலையில் நகரத்துப் போதகர்களும் சுற்றுக் கிராமத்துப் போதகர்களும் ஒன்றுகூட வேண்டும். வேதாகமத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள். அன்றைய முறைக்காரர் தன் பகுதியை விளக்குவார். மற்றவர்கள் விட்டதைச் சேர்ப்பார்கள், பிசகியதைச் சொல்வார்கள். பொதுமக்களும் வந்து கேட்கலாம், வாயும் திறக்கலாம். அது முடிந்ததும் போதகர்கள் மட்டும் தனியே ஒதுங்கி, விளக்கம் சொன்னவரின் குறைகளை அவர் முகத்துக்கு நேரே பேசுவார்கள். இது போதாதென்று, ஆண்டுக்கு நான்கு முறை ஒருவரையொருவர் தணிக்கை செய்துகொள்ளும் கூட்டம் வேறு.

யோசனை புதிதல்ல. சூரிச்சில் சீர்திருத்தவாதி ஸ்விங்ளி 1525-இலேயே இதற்கு முன்னோடியான ஒன்றைத் தொடங்கியிருந்தார். பெருங்கோவிலில் ஒரே பகுதியை லத்தீனிலும் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் வாசித்து அலசிவிட்டு, கடைசியில் ஜெர்மன் மொழியில் சனங்களுக்குப் பிரசங்கிப்பார்கள். 1531-இல் வெளியான சூரிச் வேதாகமம் அந்த உழைப்பின் விளைச்சல்தான். ஆனால் சூரிச் நடத்தியது ஒரு பாடசாலை. ஜெனீவா அதோடு தணிக்கையையும் சேர்த்தது. போதகரிடம் பொறுக்கவே முடியாத குற்றங்கள் எவை, கண்டித்துத் திருத்தக்கூடியவை எவை என்று ஒழுங்குமுறையில் இரண்டு பட்டியல்கள் உண்டு. இரண்டாம் பட்டியலில் வேதத்தை விபரீதமாகக் கையாளுவது, வீண் கேள்விகளைக் கிளறுவது, படிப்பில் அசட்டையாயிருப்பது எல்லாம் இடம்பெற்றன. சோம்பேறித்தனமான தயாரிப்பைத் தனிப்பட்ட பலவீனமாக விட்டுவிடாமல் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயமாக எழுதிவைத்தார்களே, அந்த ஒரு வரிக்காகவே இந்த ஆவணத்தை மதிக்கலாம்.

விமர்சனம் எதுவரை போகலாம் என்பதற்கு எல்லையும் இருந்தது. 1551 அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை. ஜெரோம் போல்செக் என்ற மருத்துவர், முன்னாள் துறவி, கூட்டத்தில் எழுந்து யார் மீட்படைவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் கால்வினின் முன்குறிப்புப் போதனையை வெளுத்து வாங்கினார். கால்வின் அந்த நேரம் அங்கே இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தாமதமாக வந்து பின்னால் நின்றிருந்த கால்வின் முன்னே வந்து, நெடுநேரம், குறிப்பேதும் இல்லாமல் பதில் சொன்னார். போல்செக் அன்றே காவலில் வைக்கப்பட்டார். டிசம்பரில் ஊரைவிட்டே துரத்தப்பட்டார். எப்படிப் பிரசங்கிக்கிறாய் என்று யாரையும் கேட்கலாம், எதைப் பிரசங்கிக்கிறாய் என்று கால்வினைக் கேட்க முடியாது. அந்தக் கூட்டத்தின் ஊனம் இது.

இருந்தும் பலன் கண்கூடாகவே தெரிந்தது. 1540-களின் நடுப்பகுதிக்குள் தேறாதவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, பிரான்சிலிருந்து அடைக்கலம் வந்த படித்த போதகர்கள் அந்த இடங்களை நிரப்பினார்கள். இதனால் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் வந்தேறிப் போதகர்களுக்கும் மூண்ட பகை தனிக் கதை. கண்டிப்பு நட்பையும் பார்க்கவில்லை. 1536-இல் கால்வினை மிரட்டாத குறையாக ஜெனீவாவில் நிறுத்திவைத்தவர் வில்லியம் ஃபரேல். அதே ஃபரேலுக்குப் பின்னாளில் கால்வின் எழுதிய ஒரு கடிதம், உம்முடைய பிரசங்கம் மிக நீளமென்று சனங்கள் முணுமுணுக்கிறார்கள், சுருக்கும் என்கிறது. தன்னைவிட இருபது வயது மூத்தவரிடம் இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

  

இங்கிலாந்தில், போதகர்கள் கூடி வேதத்தை விளக்கும் இதே முறை வேறு விதமாக முடிந்தது. அங்கே பல ஊர்களில் குருமார் கூடி முறைவைத்து வேதத்தை விளக்க, சனங்கள் திரண்டுவந்து கேட்டார்கள். எலிசபெத் அரசிக்கு இது பிடிக்கவில்லை. ஒரு மாவட்டத்துக்கு மூன்று நான்கு பிரசங்கியார் போதும் என்பது அவர் எண்ணம். எழுதித் தந்த போதனையை மற்றவர்கள் வாசித்தால் ஆயிற்று. கான்டர்பரி தலைமைப் பேராயர் எட்மண்ட் கிரிண்டல் இதற்கு இணங்க மறுத்து 1576 டிசம்பரில் அரசிக்கு நீண்ட கடிதம் எழுதினார். மறு ஆண்டு அரசி பேராயர்களுக்கு நேரடியாகவே ஆணையிட்டுக் கூட்டங்களை நிறுத்தினார். கிரிண்டலின் அதிகாரம் முடக்கப்பட்டது. 1583-இல் அவர் இறந்தார். படிக்காத போதகரைவிட, போதகரை எடைபோடப் பழகிய சனங்கள்தான் அரசிக்கு அதிக அச்சம் தந்திருப்பார்கள் போலும்.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. 1560-இல் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸும் கூட்டாளிகளும் வகுத்த ஒழுங்கு நூல் போதகர் பற்றாக்குறையை ஒளிக்கவில்லை. போதகர் இல்லாத ஊருக்கு வாசகரை நியமிக்கச் சொன்னது: செபங்களையும் வேதத்தையும் வாசிப்பது அவர் கடமை, தேறினால் பிறகு பேசலாம். பள்ளியும் படித்தவர்களும் உள்ள பட்டணங்களில் வாரந்தோறும் வேத விளக்கப் பயிற்சி நடக்க வேண்டும். ஆறு மைல் சுற்றளவிலுள்ள போதகர்கள் வந்தாக வேண்டும். ஒருவர் விளக்க, இரண்டாமவர் அதன்மேல் கூட்டிச் சொல்வார். சபை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களுக்கு ஜெனீவாவில் இல்லாத ஓர் அதிகாரமும் கிடைத்தது. போதகரின் நடத்தையை மட்டுமல்லாமல் அவர் உழைப்பையும் படிப்பையும் கவனித்து, தேவைப்பட்டால் கண்டிக்கலாம். நிலக்கிழாரும் வணிகரும் கைவினைஞருமான இவர்களுக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கக் கிரேக்கம் எதற்கு?

அந்தப் பயிற்சிக் கூட்டங்களே பின்னாளில் வட்டார மன்றங்களாக வளர்ந்தன. 1581-இல் முதல் பதின்மூன்று மன்றங்கள் அமைந்தன. போதகராக விரும்புகிறவர் அவற்றின் முன் பல பிரசங்கங்கள் செய்துகாட்ட வேண்டும். பழைய பயிற்சியின் விளக்கமும் கூடுதல் விளக்கமும் தேர்வுப் பாடங்களாகவே தொடர்ந்தன. உறுப்பினரை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசும் வழக்கமும் வேரூன்றியது. உள்ளூர்ச் சபையில் போதகரும் எழுந்து வெளியே போவார், மூப்பர்கள் கருத்துச் சொல்வார்கள். குறிப்பேடுகளில் அநேகமாக எல்லாரும் திருப்தி என்றே எழுதியிருக்கும். அதே ஊரில் நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அதனால்தான் வட்டார மன்றம் அவ்வப்போது ஊருக்கே வந்து, போதகரை வெளியே நிறுத்திவிட்டு, அதே கேள்வியை மூப்பர்களிடம் மறுபடியும் கேட்டது.