கூஃபா நகரத்துத் துணிக்கடை

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களைச் சட்டமேதையாக அறியாத முஸ்லிம் இல்லை. ஆனால், அப்பெருமகனார் ஒரு துணி வணிகராகவும் விளங்கினார்கள் என்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) கூஃபாவில் பிறந்து, ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் மறைந்த அவர்கள், பட்டும் கம்பளியும் கலந்து நெய்த ‘கஸ்’ என்னும் துணியை விற்று வந்தார்கள். கொள்வோரிடம் கடைக்காரர் எப்படிப் பேசவேண்டும் என்பது இன்று வணிகக் கல்லூரிகளில் தனிப் பாடமாகிவிட்டது. அப்பாடத்தைக் கூஃபாவின் கடைத்தெருவிலிருந்து தொடங்கினால் என்ன?

இமாமவர்களின் வணிகக் கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்திர் ரஹ்மான். ஒருமுறை துணிகள் சிலவற்றை அவரிடம் அனுப்பிய இமாமவர்கள், அவற்றுள் ஒன்றில் பழுது இருப்பதைக் கூறி, விற்கும்போது அதை எடுத்துக்காட்டிவிடுமாறு சொல்லியனுப்பினார்கள். ஹஃப்ஸ் விற்றார், பழுதைச் சொல்ல மறந்துவிட்டார். வாங்கிச் சென்றவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள். ஹஃப்ஸ் பொய்யேதும் உரைத்ததாகச் செய்தியில்லை. சொல்லவேண்டிய ஒரு சொல் சொல்லப்படாமற் போயிற்று, அவ்வளவே. அந்த மௌனத்தின் வழியே வந்த பணம் தம் பெட்டியில் தங்கலாகாது என்று அவர்கள் கருதினார்கள்.

இன்னொரு நாள் மூதாட்டி ஒருத்தி வந்தாள். தான் எளியவள், வாங்கிய விலைக்கே ஒரு துணியைத் தரவேண்டும் என்று கேட்டாள். நான்கு திர்ஹம் என்றார்கள் இமாமவர்கள். கிழவியென்று கேலி செய்கிறீர்களோ என அவள் மனம் நொந்தாள். உடனே அவர்கள் கணக்கைப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டு துணிகள் வாங்கியதையும், அவற்றுள் ஒன்றை, இரண்டுக்கும் போட்ட முதலில் நான்கு திர்ஹம் மட்டுமே குறையும் விலைக்கு விற்றுவிட்டதையும் எடுத்துரைத்தார்கள். ஆகவே மற்றொன்றின் அடக்கம் நான்கே திர்ஹம். விலையைக் குறைத்தது பெரிதன்று. அந்த விலை எப்படி வந்தது என்பதை ஒரு மூதாட்டிக்கு விளங்கவைக்கப் பொறுமை கொண்டார்களே, அதுவே நம் உள்ளத்தைத் தொடுகிறது.

இவ்வொழுக்கத்தின் ஊற்று மதீனாவின் கடைத்தெருவில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்ததென்று கடைக்காரர் கூற, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் வினவிக் கண்டித்ததையும் நாம் அறிவோம். வெளியூரிலிருந்து சரக்குக் கொண்டுவருவோரை வழியிலேயே மறித்து வாங்குவதையும் அண்ணலார் தடுத்தார்கள். ஊரின் விலை நிலவரம் அறியாதவனிடம் முந்திக்கொண்டு வாங்குவது அவனது அறியாமையை விலைக்கு வாங்குவதன்றோ?

இவற்றைவிட என்னை ஈர்ப்பது ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களின் செய்தி. தலையில் பட்ட காயத்தால் அவர்களது அறிவும் நாவும் தளர்ந்திருந்தன. கொள்ளல் விற்றலில் அடிக்கடி ஏமாந்தார்கள். அவர்களை வணிகத்தினின்று விலக்கிவிடுமாறு வீட்டார் முறையிட்டனர். அவர்களோ விடமாட்டாமல் நின்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் விலக்கவில்லை. பேரம் முடிக்கும்போது ஏமாற்று இல்லை என்னும் பொருள்பட ‘லா கிலாபா’ என்று கூறுமாறு கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் தவணையும் தந்ததாகச் சில அறிவிப்புகள் கூறும். ‘கிலாபா’ என்று சொல்ல நா வழங்காமல், அவர்கள் ‘கியாபா’ என்றே சொல்லி வந்தார்களாம். குழறிய அந்தச் சொல்லும் கடைத்தெருவில் செல்லுபடியாயிற்று!

வாங்கியவர் எண்ணிப் பார்த்து மீட்டுக்கொள்ளும் உரிமைக்கு இந்நிகழ்ச்சியை அறிஞர்கள் சான்றாகக் கொண்டனர். நிபந்தனையாகக் கேட்டுப் பெறும் அவகாசத்துக்கு மூன்று நாளே எல்லை என்றார்கள் இமாமவர்கள். இருவரும் இசைந்த தவணையாயின் நீளலாம் என்றனர் அவர்களின் மாணவர்களான அபூயூசுபும் முஹம்மதும். காணாத பொருளை வாங்கியவர், கண்டபின் வேண்டாமெனத் திருப்பலாம் என்பதும் ஹனபீ மத்ஹபின் தீர்ப்பு. மடித்த துணியாயின் மேற்புறத்தைக் கண்டாலே கண்டதாகும். துணியின் சிறப்பாகிய கரை உள்மடிப்பில் இருக்குமானால் அதையும் காணவேண்டும் என்று ‘ஹிதாயா’ நூல் நுணுகிச் சொல்கிறது. துணிக்கடையில் உட்கார்ந்தவரின் வழிவந்த சட்டமல்லவா! காயல், கீழக்கரைப் பக்கத்து ஷாபிஈ அன்பர்கள் இங்கே வேறுபடுவர். காணாததை விற்பதே அவர்களின் மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்துப்படி செல்லாது. ஆயினும் பேரம் முடிந்த இடத்தைவிட்டு இருவரும் பிரியும்வரை மனம் மாறும் உரிமையை ஷாபிஈ மத்ஹபே தாராளமாய் வழங்குகிறது.

விற்றவர் மனமுவந்து திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு ‘இகாலா’ என்று பெயர். அவ்வாறு செய்வோரின் பிழைகளை இறைவன் பொறுத்தருள்வான் என்பது நபிமொழியின் கருத்து. விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்கவிடும் நம்மவர் கடைகளில், அதன் பக்கத்திலேயே ‘பிஸ்மில்லாஹ்’வும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம்.

இமாமவர்கள் பொருள் வாங்கிய முறைக்கும் ஒரு செய்தியுண்டு. ஒரு பெண்மணி பட்டாடையொன்றை விற்கக் கொண்டுவந்து நூறு கேட்டாள். இது அதனினும் பெறும் என்றார்கள். அவள் நூறு நூறாக உயர்த்தி நானூறு வரை சென்றாள். அதனினும் பெறும் என்றார்கள். பரிகாசமோ என்று அவள் கேட்க, விலை மதிப்பிட ஓர் ஆளை அழைத்துவரச் சொன்னார்கள். வந்தவர் மதிப்பிட, இமாமவர்கள் ஐந்நூறுக்கு வாங்கிக்கொண்டார்கள்.