இலவசம் வேறு, எட்டுவது வேறு: நகர்ப்புற ஏழைகளும் எச்.ஐ.வி. பரிசோதனை உரிமையும்

தமிழ்நாட்டில் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறதா என்று அறிய விரும்பும் எவரும் அரசு மருத்துவமனையின் ‘நம்பிக்கை மைய’த்தில் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம். ஆலோசனையும் இலவசம். தொற்று உறுதியானால், வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய கூட்டு மருந்தும் இலவசம். ஆனால், கட்டணம் இல்லை என்பதாலேயே இச்சேவை ஏழை மக்களை எட்டிவிட்டதாகக் கொள்வதற்கில்லை. ஒரு நாள் கூலியை இழக்காமல், பெயரும் முகவரியும் அம்பலமாகாமல், சாதியின் பேரால் இழிவுபடாமல் ஒருவர் பரிசோதனை செய்துகொண்டு வீடு திரும்ப முடிகிறதா என்பதே கேள்வி. அதை உரிமைக் கேள்வியாக எழுப்பச் சட்டம் என்ன இடம் தருகிறது என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

ஒப்புதல் கேட்கப்படாத தொடக்கம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவர்களுள் பலர் அரசின் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அம்மாதிரிகள் சோதிக்கப்பட்டபோது தொற்று தெரியவந்தது. இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் அது பெரும் கண்டுபிடிப்பு. ஆனால், எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. நாட்டில் எச்.ஐ.வி.யை முதன்முதலாகக் கண்டறிந்த பரிசோதனையே, மறுக்கும் நிலையில் இல்லாத ஏழைப் பெண்களின் உடலில் அவர்கள் அறியாமல் நடந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்து வந்தது அடைத்துவைக்கும் சட்டம். கோவாவில் 1989இல் இரத்த தானம் செய்த டொமினிக் டிசோசாவுக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், அம்மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் 64 நாட்கள் அவர் தனிமையில் அடைக்கப்பட்டார். அச்சட்டப் பிரிவை மும்பை உயர் நீதிமன்றம் செல்லும் என்றே ஏற்றது. பரிசோதனை என்பது சிகிச்சைக்கான வாசலாக அல்லாமல் தண்டனைக்கான வாசலாக இருந்த காலம் அது. ஏழை மக்களிடம் இன்றும் காணப்படும் தயக்கத்தை ‘அறியாமை’ என்று ஒதுக்குவோர் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும். மருத்துவமனை தம்மை எப்படி நடத்தும் என்பதைப் பட்டறிவால் தெரிந்துகொண்ட மக்களின் முன்னெச்சரிக்கையே அந்தத் தயக்கம்.

நம்பிக்கை மையத்தில் நடக்க வேண்டியவை

1994இல் உருவான தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இத்துறையில் பிற மாநிலங்களுக்கு முன்னோடியாக இருந்தது. நம்பிக்கை மையம் என்று நாம் அழைப்பது, ஆலோசனையையும் பரிசோதனையையும் ஒருங்கே வழங்கும் மையமாகும். அங்கு மூன்று கட்டங்கள் உண்டு.

முதலாவது, பரிசோதனைக்கு முந்தைய ஆலோசனை. சோதனை எதற்கு, முடிவு எவ்வாறு அமையலாம், தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள்வரை சோதனையில் அது தெரியாமல் போகக்கூடும் என்பன போன்றவற்றைத் தனியறையில் விளக்கி, அதன் பிறகே ஒப்புதல் பெற வேண்டும். இரண்டாவது, பரிசோதனை. ஒரே ஒரு சோதனையை வைத்துத் தொற்றை உறுதிசெய்யக் கூடாது. நோய் அறிகுறி இல்லாத ஒருவருக்கு, வெவ்வேறு முறையில் அமைந்த மூன்று விரைவுச் சோதனைகளிலும் தொற்று தெரிந்தால்தான் அது உறுதி. மூன்றாவது, பரிசோதனைக்குப் பிந்தைய ஆலோசனை. முடிவை உரியவரிடம் மட்டும் கூறி, தொற்று இருப்பின் கூட்டு மருந்துச் சிகிச்சை மையத்துடன் இணைக்க வேண்டும்.

இந்த மூன்றில் எளிதில் காணாமல் போவது ஆலோசனைதான். ஆலோசகர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். அவர்களுடைய பணியிடம் காலியாக இருந்தாலும் இரத்தம் எடுக்கலாம், கணக்குக் காட்டலாம். ஆனால், ஆலோசனை இல்லாத சோதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் 2018 டிசம்பரில் வெளிவந்த நிகழ்வே சான்று. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் கொடுத்த இளைஞரின் தொற்று அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே ஒரு தானத்தின்போது தெரியவந்திருந்தது. அவருக்கு அது உரிய முறையில் தெரிவிக்கப்படவில்லை. தம் நிலையைப் பின்னர் அறிந்து, தாமே முன்வந்து மருத்துவமனைக்குத் தெரிவித்த அந்த இளைஞர், குற்ற உணர்வு தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். சோதனை நடந்திருந்தது, முடிவும் ஏட்டில் இருந்தது. அதை அவரிடம் எடுத்துச் சொல்லித் துணைநிற்க ஓர் ஆலோசகர்தான் இல்லை.

யார் விடுபடுகிறார்கள்?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 24 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்கின்றனர். பரிசோதனைத் திட்டம் இரு வழிகளில் மக்களைத் தேடிச் செல்கிறது. பாலியல் தொழிலாளர்கள், ஆணுடன் உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசிவழி போதை மருந்து பயன்படுத்துவோர், லாரி ஓட்டுநர்கள், புலம்பெயர் தொழிலாளர்கள் ஆகியோருக்கெனத் தனித் திட்டங்கள் உள்ளன. கர்ப்பிணிகளுக்கும் காசநோயாளிகளுக்கும் மருத்துவமனையே பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது.

இவ்விரு வலைகளிலும் சிக்காதவர் யார்? அதே ஊரில் கூலி வேலை செய்யும், இதுவரை காசநோய் வராத, சாதாரண ஆண். அவர் உடல் நலிந்து படுக்கையில் விழும்வரை அவரைப் பரிசோதனைக்கு அழைப்பார் இல்லை. விளைவாக, ஒரு குடும்பத்தில் தொற்று முதலில் மனைவியின் கர்ப்பகாலப் பரிசோதனையில் வெளிப்படுகிறது. முதலில் தெரியவந்தவர் மேலேயே பழியும் விழுகிறது. கணவனிடமிருந்து தொற்றைப் பெற்றவளே ‘கொண்டு வந்தவள்’ ஆகிறாள். பரிசோதனையில் நிலவும் இந்த ஏற்றத்தாழ்வு, ஏழைப் பெண்ணின் மீது சுமத்தப்படும் இன்னொரு வன்முறை.

தூரமும் கூலியும்

சென்னையில் கூவம் கரையிலிருந்தும் பிற நீர்நிலை ஓரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். நகரின் நடுப்பகுதியிலிருந்து அவ்விடங்கள் 20 முதல் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. நடந்தே செல்லக்கூடிய தொலைவில் பெரிய அரசு மருத்துவமனை இருந்த மக்களுக்கு, அப்புறப்படுத்தப்பட்ட அன்றே அதுவும் பறிபோனது. வீட்டை இழந்ததைப் பற்றிப் பேசும் நாம், அதனுடன் சேர்ந்து மருத்துவமனையையும் இழந்ததைப் போதிய அளவு பேசவில்லை.

2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது ஓரளவு ஆறுதல். ஆனால், போய்வரும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தூய்மைப் பணியாளருக்கும் வீட்டு வேலைத் தொழிலாளிக்கும், அலுவலக நேரத்தில் மட்டும் இயங்கும் மையம் மூடிய மையமே. ஒரு நாள் சோதனைக்கு, தொற்று உறுதியானால் மறுநாள் சிகிச்சை மையத்துக்கு, பிறகு மாதந்தோறும் மருந்துக்கு என ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் வருமானத்தைத் தின்கிறது.

வாசலுக்கு வந்தால் மட்டும் போதுமா?

‘அப்படியானால் குடியிருப்புக்கே வந்து முகாம் நடத்தலாமே’ என்று தோன்றும். வரத்தான் வேண்டும்; ஆனால் எப்படி வருவது என்பது முக்கியம். சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், சாமியானா பந்தலின் கீழ் வரிசையில் நிற்கவைத்துச் சோதிப்பது இரகசியத்தைத் தெருவில் போடுவதாகும். இன்னோர் ஆபத்தும் உண்டு. ‘சேரி’ என்றாலே அழுக்கு, நோய், குற்றம் என்று பார்க்கும் சாதிய மனம், இத்தகைய முகாமைப் பார்த்து ‘அங்கேதான் எய்ட்ஸ் இருக்கிறது’ என்று முடிவு கட்டும். கண்ணகி நகர் முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படும் சூழலில், அந்த முகவரியோடு இந்தப் பழியும் சேரக் கூடாது.

எனவே நம் கோரிக்கை தனி எச்.ஐ.வி. முகாம் அல்ல. சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய்ப் பரிசோதனைகளோடு இணைந்து, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும், தனியறை ஆலோசனையுடன் இச்சேவை கிடைக்க வேண்டும். அருகிலும் இருக்க வேண்டும்; அடையாளம் காட்டாமலும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு ஏழைகளிடம் மட்டுமே சொல்லப்படுகிறது.

சட்டம் தரும் கருவிகள்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, அதற்கு அடுத்த ஆண்டு செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. களப்பணியாளர்கள் மனத்தில் இருத்த வேண்டிய பிரிவுகள் இவை.

பிரிவு 3: வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு உள்ளிட்டவற்றில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. தொற்றுள்ளவருடன் ஒரே வீட்டில் வாழ்வோருக்கும் இப்பாதுகாப்பு உண்டு. வேலைக்கோ சிகிச்சைக்கோ முன்நிபந்தனையாகப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது.

பிரிவு 5: ஒப்புதலின்றிப் பரிசோதனை கூடாது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்குவது அந்த ஒப்புதலின் பகுதி என்று சட்டமே கூறுகிறது. ஆகவே ஆலோசகர் இல்லாத மையத்தில் நடக்கும் சோதனை சட்டப்படி குறையுள்ளது.

பிரிவு 8, 9: ஒருவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. இணையருக்குத் தெரிவிப்பதற்குத் தனி விதிகள் உண்டு. அதனால் வன்முறைக்கோ கைவிடப்படுவதற்கோ ஆளாகக்கூடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், தெரிவிக்கக் கூடாது.

பிரிவு 14: நோய் கண்டறியும் வசதியையும் கூட்டு மருந்தையும் அரசுகள் ‘இயன்றவரை’ வழங்க வேண்டும். இந்த ஒரு சொல்லே அரசுக்குத் தப்பும் வழி. ஆனால், ரயிலிலிருந்து விழுந்து காயமடைந்த கூலித் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பிய பஸ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி வழக்கில், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து விலக முடியாது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ‘இயன்றவரை’ என்ற சொல்லை அத்தீர்ப்பின் வெளிச்சத்திலேயே வாசிக்க வேண்டும்.

பிரிவு 23, 24: மாநில அரசு குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும். புகார் பெற்ற 30 நாட்களுக்குள், மருத்துவ அவசரமெனில் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள், அவர் ஆணை பிறப்பிக்க வேண்டும். பிரிவு 34இன்படி, நீதிமன்றத்தில் பெயரை மறைத்து வழக்கு நடத்தலாம்.

மருத்துவமனையில் நுழையவிடாமல் தடுப்பதில் சாதியும் கலந்திருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைவதைத் தடுப்பதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகக் குற்றமாக்கியுள்ளது.

என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் பகுதிக்கு நான்கு கேள்விகளை அனுப்பலாம். மிக அருகிலுள்ள நம்பிக்கை மையம் எது, அதன் இயங்கு நேரம் என்ன? அங்கு ஆலோசகர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதா? ஆலோசனைக்குத் தனியறை உண்டா? மாநிலக் குறைதீர்ப்பாளர் யார், அவரிடம் எத்தனை புகார்கள் வந்துள்ளன? இவற்றில் எவரையும் பற்றிய அந்தரங்கத் தகவல் இல்லை; மறுக்கக் காரணமும் இல்லை. தனிப்பட்ட ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் உள்ளது.

வரும் பதில்களை வைத்து ஒரு குடியிருப்பின் பரிசோதனை வரைபடத்தைக் கல்லூரி மாணவர்களே உருவாக்க முடியும். எந்தத் தெருவில் யாருக்குத் தொற்று என்று காட்டும் வரைபடம் வேண்டாம். எந்தத் தெருவிலிருந்து எந்த மையம் எவ்வளவு தொலைவு, அங்கே போய்வர எத்தனை மணி நேரக் கூலி இழப்பு என்று காட்டும் வரைபடம் வேண்டும். இதுவரை ஏழைகளின் இரத்தத்தைத்தான் அரசு சோதித்து வந்திருக்கிறது. அரசின் கடமையைச் சோதிக்கும் பொறுப்பு இனி நம்முடையது.